டிவி ரூமுக்குப் பின்னால் இருந்த வால்வு

வர்ஷினி முதன்முதலாக ஊருக்கு வந்தபோது பொற்கொடி அவளுக்கு முப்பத்தொரு வால்வுகளைக் காட்டினாள். ஓடைக்கல்பாளையத்தில் இருந்தவை முப்பத்து மூன்று.

இரண்டு நாள் நடை அது. வர்ஷினி நகராட்சியின் உதவிப் பொறியாளர். வயது இருபத்தாறு இருக்கும். தலையில் தொப்பி, காலில் ஷூ. ஒவ்வொரு வால்வுக் குழியின் மேலும் போனை நீட்டிப் பிடித்து, அந்த இடத்தை அதில் ஏற்றிக்கொண்டே வந்தாள். எந்த வால்வு எந்த வீதிக்கு, எத்தனை சுற்று திறக்க வேண்டும், குழாய் இரும்பா பிளாஸ்டிக்கா என்று கேட்டுக் கேட்டுக் குறித்தாள். இரண்டாம் நாள் மத்தியானம் ரேஷன் கடை நிழலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டாள்.

"இவ்வளவுதானுங்களா அக்கா?"

"இவ்வளவுதானுங்க மேடம்."

"பழைய லைன் ஏதாச்சும் மண்ணுக்குள்ள மூடிப்போய் இருக்குதுங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க."

வர்ஷினி தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தாள். போகும்போது ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். எதற்குப் பார்த்தாள் என்று பொற்கொடி அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள்.

பொற்கொடிக்கு வயது நாற்பத்தேழு. மேட்டுப்பாளையத்துப் பக்கம் பாக்கு உரிக்கும் களத்தில் வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் ராசப்பனைக் கட்டிக்கொண்டு ஓடைக்கல்பாளையம் காலனிக்கு வந்தவள். ராசப்பன் ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர். ஊருக்கெல்லாம் தண்ணீர் திறந்துவிடுகிறவர். ஒன்பது வருசத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று டேங்க் படியிலேயே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் ஊரில் தண்ணீர் நின்றுபோனது. வால்வுகள் எங்கே இருக்கின்றன என்று வேறு யாருக்கும் தெரியவில்லை. புருசனோடு கூடமாட நடந்து பழகியிருந்த பொற்கொடியைத் தேடி ஊராட்சிச் செயலாளர் வந்தார். ஆள் கிடைக்கும் வரை ஒரு மாசம் பார்த்துக்கொள் என்றார். அந்த ஒரு மாசம் ஒன்பது வருசமாக நீண்டுவிட்டது.

தண்ணீர் விடுகிறவரை ஊரில் யாரும் நம்புவதில்லை. நல்ல தண்ணீர், அதாவது பவானி ஆற்றுத் தண்ணீர், எட்டு நாளைக்கு ஒருமுறைதான் வரும். ஒவ்வொரு வீதியும் பக்கத்து வீதிக்குப் பத்து நிமிசம் கூடுதலாகப் போகிறது என்றே நினைத்தது. மேலத்தெரு ராசாத்தாள் தன் வீட்டுக் காலண்டரில் தண்ணீர் வந்த நேரத்தையும் நின்ற நேரத்தையும் எழுதிவைப்பாள். "ஏனுங் பொற்கொடி, போன தடவ நாப்பத்தெட்டு நிமிசந்தான் உட்டீங்க" என்று வழியில் மறித்துச் சொல்வாள். பொற்கொடியும் யாரையும் நம்புவதில்லை. டீ வாங்கிக் கொடுத்தால்கூட எந்த வீதிக்காரர் வாங்கிக் கொடுக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள்.

ஓடைக்கல்பாளையம் ஊராட்சிக்கு எழுதிவைத்த வரலாறு எதுவும் கிடையாது. ஆபீசில் தலைவர்களின் பெயர்ப்பலகை ஒன்று இருந்தது. அதில் ஒன்பது பெயர்கள், ஒன்பதில் ஐந்து ஒரே குடும்பம். பொற்கொடிக்குத் தெரிந்த வரலாறு மண்ணுக்கு அடியில் இருந்தது. கரட்டுக் குன்றின் மேலிருக்கும் பெரிய டேங்கைக் கட்டியது, பிற்பாடு தலைவரான செங்கோட்டையனின் அப்பா தலைவராக இருந்தபோது. அதிலிருந்து முதல் குழாய் மேலத்தெருவுக்குப் போனது. அதே வருசம் வாரச்சந்தை மேட்டில் மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி ஒன்று கட்டி, அதற்கும் தனியாக ஓர் இரும்புக் குழாய் போட்டார்கள். பிறகு பிள்ளையார் கோயில் வீதி. அதற்கும் ஏழு வருசம் கழித்துத்தான் காலனி. காலனிக்குத் தனி லைன் போடவில்லை. கோயில் வீதிக் குழாயின் வாலில் ஒட்டவைத்தார்கள். நடுவில் ஒரு மேடு. மேலே இருக்கிறவர்கள் பிடித்து முடித்த பிறகு, மேடு ஏறி வந்த தண்ணீர் காலனிக் குழாயில் நூல் மாதிரி விழும். மாட்டுக்கு வந்த வருசம் முந்தி, மனுசருக்கு வந்த வருசம் பிந்தி என்று ராசப்பன் சொல்வதுண்டு.

இப்போது அந்த ஊராட்சியே இல்லை. போன வருசம் சனவரியில் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வரும் என்று இருந்தார்கள். வந்தது அரசாணை. ஓடைக்கல்பாளையம் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கப்பட்டது. வீட்டு வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்று ஒருநாள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பிறகு ஆளுக்கொரு சோலியைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஆபீஸ் சுவரில் "ஊராட்சி மன்றம்" என்று எழுதியிருந்ததன் மேல் சுண்ணாம்பு அடித்து, "வார்டு 27" என்று ஒரு பேனரைக் கட்டினார்கள்.

வர்ஷினி வந்தது அதற்குப் பிறகுதான். நகராட்சிக்கு மேப் வேண்டும். பொற்கொடிக்கு இது புரிந்தது. மேப் கையில் வந்துவிட்டால் பொற்கொடி எதற்கு? ஆனால் இரண்டு வால்வுகளை அவள் மறைத்ததற்குக் காரணம் அது மட்டுமில்லை.

ஒன்று, சம்ப்புக்குப் பக்கத்தில், ஜெனரேட்டர் ஷெட்டுக்குக் கீழே இருந்தது. ஆற்றுத் தண்ணீர் ஊருக்குள் நுழையும் இடம் அது. தண்ணீர் சம்ப்புத் தொட்டியில் விழுவதற்கு முன்பே அங்கிருந்து இரண்டு இஞ்ச் குழாய் ஒன்று பிரிந்து செங்கோட்டையனின் இரும்பு வார்க்கும் பவுண்டரிக்குப் போனது. அவர் தலைவராக இருந்த ஐந்து வருசத்தில் போட்டது. ராசப்பன்தான் மாட்டிக்கொடுத்தார்.

இன்னொன்று, பூட்டிக் கிடக்கும் பஞ்சாயத்து டிவி ரூமுக்குப் பின்னால், ஒரு பலகைக் கல்லுக்குக் கீழே. சந்தை நின்று மாட்டுத் தொட்டி காய்ந்த பிறகு, அந்தப் பழைய இரும்புக் குழாயை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ராசப்பன் மறக்கவில்லை. அது முடிகிற இடத்திலிருந்து காலனிக்கு நாற்பதடிதான். நாற்பதடிக்குப் பிளாஸ்டிக் குழாய் போட்டு இணைத்து, நடுவில் ஒரு வால்வு வைத்துவிட்டார். டேங்கிலிருந்து நேராகக் காலனிக்கு. அன்று முதல் காலனியில் ஒரு குடம் ஒரு நிமிசத்துக்குள் நிறைந்தது. யாருக்கும் தெரியாமல் வால்வைத் திறந்து மூட வேண்டும், அவ்வளவுதான். புருசன் போன பிறகு பொற்கொடியும் அதையேதான் செய்துவந்தாள். தன் புருசன் தைரியமாகச் செய்த ஒரே காரியம் அது என்று அவளுக்குள் ஒரு பெருமை உண்டு.

ஊர்க்காரர்களின் சந்தேகம் சரிதான், ஒருவகையில்.

வர்ஷினி வந்து போனதும் ஊரில் பேச்சு கிளம்பியது. பொற்கொடிக்கு நகராட்சியில் நிரந்தர வேலை தருகிறார்களாம், அதற்குத்தான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கிறாளாம் என்றார்கள். பொற்கொடி பக்கத்திலும் ஒரு கணிப்பு ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பெண் யார்?

"எந்த ஊருங்க மேடம்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"காங்கேயம் பக்கமுங்க்கா."

"காங்கேயத்துல எங்கீங்க?"

"அங்கதானுங்க்கா, பக்கத்துல" என்று வர்ஷினி போனைப் பார்த்தாள். அதற்கு மேல் சொல்லவில்லை. செங்கோட்டையனின் மனைவியும் காங்கேயம் பக்கம்தான். அந்த வாரமே வர்ஷினியின் வண்டி செங்கோட்டையன் வீட்டு வாசலில் நின்றதையும், அவள் கையில் இளநீரோடு நின்று அவரிடம் பேசுவதையும் பொற்கொடி பார்த்தாள். சரி, சொந்தக்காரி, ஒறம்பரைதான் என்று முடிவு செய்துகொண்டாள்.

அடுத்த மாசம் நகராட்சிக்கு ஒரு மனு போனது. தண்ணீர் விடுவதில் பாரபட்சம் என்று ராசாத்தாளும் மேலத்தெருவில் இன்னும் இருபது பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வர்ஷினி வந்து சம்ப்பிலும் டேங்கிலும் வீதிகளின் தொடக்கத்திலும் மீட்டர் மாட்டினாள். இரண்டு தடவை தண்ணீர் விட்ட பிறகு பொற்கொடியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, டேங்க்ல இருந்து போறதுக்கும் வீதிகளுக்கு வர்றதுக்கும் ஒத்து வரலீங்க."

"பழைய பைப்புங்க மேடம். ஒழுகுமுங்க."

"இவ்வளவா ஒழுகும்?"

"நான் என்னத்தைங்க கண்டேன். மண்ணுக்குள்ள போய்ப் பாத்தனா?"

வர்ஷினி கோபப்படவில்லை. "சரிங்க்கா" என்றாள். கோபப்பட்டிருந்தால் பொற்கொடிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு, செங்கோட்டையன் பொற்கொடியின் வீட்டுக்கு வந்தார். ஓட்டுக் கேட்கிற காலம் தவிர அவர் காலனிக்குள் வந்தவரில்லை. அப்போதும் வீதி முனையில் நின்றே கும்பிட்டுவிட்டுப் போவார். இப்போது தனியாக, நடந்து வந்தார்.

"ஏனுங் பொற்கொடி, நல்லா இருக்கறீங்களா?"

பொற்கொடிக்கு முதலில் உறுத்தியது அந்த "ங்க"தான். இத்தனை வருசமாக அவர் அவளிடம் "என்ன பொற்கொடி, தண்ணி உட்டாச்சா" என்றுதான் கேட்டிருக்கிறார். அவள் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். உட்கார்ந்தார். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தார். காலிச் சொம்பை வாங்கிய பொற்கொடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அந்தப் புள்ள மீட்டரு வெச்சிருக்குதுங்களே" என்று ஆரம்பித்தார். "கொறையுதுங்கறாங்க."

"பழைய பைப்புங்க தலைவரே. ஒழுகுமுங்க."

"ஒழுகுமுங்க. டிவி ரூமுக்குப் பின்னாலயும் ஒழுகுமுங்க."

பொற்கொடி சொம்பைக் கீழே வைத்தாள். பக்கத்து வீட்டு மாரியாத்தாள் கொடியில் துணி போடுகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செங்கோட்டையன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னிக்கு நேத்து இல்லீங்க, நான் தலைவரா வந்த மொத வருசமே தெரியும். ராசப்பனக் கேட்டேன். அவன் பேசாம நின்னான். நானும் விட்டுப்போட்டேன். பொறகு பவுண்டரிக்கு ஒரு லைன் வேணும்னேன். வந்து மாட்டிக் குடுத்தான். அவ்வளவுதானுங்க நடந்தது."

"இப்ப என்னங்க செய்யோணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாமுங்க. அதத்தான் சொல்ல வந்தேன். ஊராட்சியே போயிருச்சு. செத்தவன் சட்டப்பைய எதுக்குங்க தொழாவறது? நீங்க என்னுத மறந்துருங்க. நான் உங்களுத மறந்தர்றேன்."

"யோசிச்சுச் சொல்றேனுங்க."

"யோசிங்க. நாளக் கடத்தாதீங்க" என்று எழுந்து, வந்த மாதிரியே நடந்து போனார்.

அவர் மிரட்டியது பொற்கொடியை அவ்வளவாகத் தொடவில்லை. வேறொன்று குடைந்தது. ராசப்பனிடம் கேட்டாராம், ராசப்பன் பேசாமல் நின்றாராம். அப்படியானால் அந்த வால்வு துணிச்சலா, பேரமா? நீ உன் தெருவுக்கு எடுத்துக்கொள், நான் என் பவுண்டரிக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று இரண்டு ஆண்கள் முதலிலேயே பேசிவைத்துச் செய்ததா? செத்துப்போன மனுசனைச் சந்தேகப்படுவது எவ்வளவு அசிங்கமான வேலை என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிர்த்துப் பேச அவர் இல்லை. அவர் போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் அவர் எதையோ மறைக்கிற மாதிரியே இருந்தது.

இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் அவளுக்கு அன்புக்கரசி ஞாபகம் வந்தாள்.

பெயர்ப்பலகையில் இருந்த ஒன்பது பெயர்களில் காலனியைச் சேர்ந்தது ஒன்றே ஒன்று. இரண்டாயிரத்து ஆறில் தலைவர் பதவி பட்டியல் இனப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது ஜெயித்தவள் அன்புக்கரசி. அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. துணைத் தலைவர் செங்கோட்டையனின் பங்காளி. எல்லாக் காரியமும் அவர்தான் செய்தார். ஐந்து வருசம் முடிந்ததும் அன்புக்கரசி குடும்பத்தோடு பெரியநாயக்கன்பாளையம் போய்விட்டாள். அங்கே ஒரு மோட்டார் கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை. டிவி ரூம் வால்வு வைத்தது அவள் காலத்தில்தான். அவளுக்கு ஏதாவது தெரிந்திருக்குமா என்று கேட்கலாம் என்றுதான் பொற்கொடி பஸ் ஏறினாள்.

மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்து அன்புக்கரசி வெளியே வந்தாள். இரண்டு பேரும் பஸ் ஸ்டாப் பக்கத்துப் பேக்கரியில் டீ வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். பொற்கொடி சுற்றி வளைத்துக் கேட்டாள்.

"அம்மணி, நீ தலைவரா இருந்தப்போ காலனிக்கு ஒரு லைன் போட்டாங்களே, ஞாபகம் இருக்குதா?"

அன்புக்கரசி டீயைக் கீழே வைத்தாள். "யாருங்க்கா சொன்னது?"

"செங்கோட்டையன்."

"அவரு என்னங் சொன்னாரு?"

பொற்கொடி எல்லாவற்றையும் சொன்னாள், தன் சந்தேகத்தையும் சேர்த்து. அன்புக்கரசி தலையை ஆட்டி மறுத்தாள்.

"ராசப்பண்ணன் ஆர்கிட்டயும் பேரம் பேசலீங்க்கா. அதப் போடச் சொன்னதே நான்தான்."

பொற்கொடிக்கு விளங்கவில்லை.

"நான் தலைவருன்னு பேருதானுங்க்கா. ஆபீஸ்ல எனக்கு நாற்காலி இருந்துச்சு. நான் உக்காந்தா மத்தவங்க எல்லாம் டீக் குடிக்கோணும்னு எந்திரிச்சுப் போயிருவாங்க. கையெழுத்துப் போடற பேப்பரெல்லாம் ஊட்டுக்கே வந்துரும். ஒருநா அண்ணங்கிட்டக் கேட்டேன், ஏனுங்கண்ணா நம்ம வீதிக்கு மட்டும் ஏன் தண்ணி ஏற மாட்டேங்குதுன்னு. அவருதான் மாட்டுத்தொட்டி லைனப் பத்திச் சொன்னாரு. தீர்மானம் போட்டா துணைத் தலைவரு உடமாட்டாரு. தீர்மானம் இல்லாமச் செய்ய முடியுங்களான்னேன். நீங்க தலைவருங்க, உங்க வாயில வந்தாப் போதுமுங்க, அதுதான் எனக்கு ஆர்டருன்னாரு."

"உன்னைய 'ங்க' போட்டா பேசுனாரு?"

"ஆமாங்க்கா. அவரவிட நான் எத்தன வயசு சின்னவ. ஊருல அவரு ஒருத்தருதான் என்னையத் தலைவருன்னு கூப்பிட்டது."

பொற்கொடிக்கு அதை நம்பிவிட ஆசையாக இருந்தது. ஆனாலும் அவள் பொற்கொடிதான். இதையும் அவள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. புருசனைப் பற்றி நல்ல வார்த்தை கேட்க ஆசைப்பட்டுத்தானே வந்திருக்கிறோம், அதைத் தெரிந்துகொண்டு சொல்கிறாளோ என்று ஒரு நினைப்பு ஓடியது.

"எப்பப் போட்டாங்க, தேதி தெரியுமா?"

"ஆகஸ்ட் பதினஞ்சுங்க்கா. கிராம சபை முடிஞ்சு, முட்டாய் வாங்கிட்டு எல்லாரும் போன பொறகு. நானும் கூட நின்னேன். சிமெண்டு காயறதுக்குள்ள அண்ணன் ஒரு குச்சியில தேதிய எழுதுனாரு."

குழியின் உள்பக்கம், கல்லைத் தூக்கினால் மட்டும் தெரிகிற இடத்தில், அந்தத் தேதி இருந்தது. ஒன்பது வருசமாகப் பொற்கொடி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ராசப்பன் ஏதோ வேடிக்கைக்கு எழுதினார் என்றே நினைத்திருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல அந்த மனுசன்."

"நான்தானுங்க்கா சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்குனேன். வெளிய வந்தா என்னையப் பதவிய உட்டு எடுத்துருவாங்கன்னு பயம். அப்ப அதுதான் பெருசாத் தெரிஞ்சுது."

"அவரு போன பொறகாச்சும் நீ சொல்லியிருக்கலாம்."

"எழவு ஊட்டுல வந்து எதைங்க்கா சொல்றது?"

டீ ஆறிப்போயிருந்தது. பொற்கொடி அதைக் குடிக்கவில்லை. "நாளைக்கு என்னோட நகராட்சிக்கு வாரியா?" என்று கேட்டாள். அன்புக்கரசி லீவு கேட்க வேண்டுமே என்று இழுத்தாள். பிறகு "வாரேனுங்க்கா" என்றாள்.

மறுநாள் இருவரும் போனார்கள். வர்ஷினியின் மேசைக்கு முன்னால் நின்று, உட்காரச் சொன்ன பிறகும் உட்காராமல், பொற்கொடி சொன்னாள்.

"உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டேனுங்க. இன்னும் ரெண்டு வால்வு இருக்குது."

வர்ஷினி ஆச்சரியப்படவில்லை. "டிவி ரூம் வால்வுங்களா? நேத்துச் சாயங்காலம் ஒருத்தர் போன்ல சொன்னாருங்க்கா. பேர் கேட்டேன், வெச்சுட்டாரு."

செங்கோட்டையன் மூன்று நாளுக்கு மேல் பொறுக்கவில்லை. அவர்தான் என்று பொற்கொடியால் நிரூபிக்க முடியாது. அவளுக்கு நிரூபணம் வேண்டியிருக்கவுமில்லை.

"ஒண்ணு அதுங்க" என்றாள். "இன்னொண்ணு ஜெனரேட்டர் ஷெட்டுக்கு அடியில இருக்குது. அதப் பத்தி அவரு சொன்னாருங்களா?"

"இல்லீங்க்கா" என்று வர்ஷினி பேனாவை எடுத்தாள்.

அன்புக்கரசி ஒரு தாளில் தன் கையால் எழுதிக் கொடுத்தாள். இரண்டாயிரத்து ஆறு முதல் பதினொன்று வரை ஓடைக்கல்பாளையம் ஊராட்சித் தலைவராக இருந்த நான், காலனிக்குத் தண்ணீர் ஏறாததால், பழைய குழாயிலிருந்து இணைப்புக் கொடுக்கும்படி ஆபரேட்டர் ராசப்பனுக்கு வாயால் உத்தரவிட்டேன். கீழே கையெழுத்துப் போட்டு, கொஞ்சம் யோசித்து, "முன்னாள் தலைவர்" என்று சேர்த்தாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. வர்ஷினிக்கு மேலிருந்த அதிகாரி, வாயால் சொன்ன உத்தரவெல்லாம் செல்லாது என்றார். இரண்டாம் நாளே ஆள் வந்து டிவி ரூம் வால்வை மூடி சீல் வைத்தார்கள். பவுண்டரி லைனுக்கு நோட்டீஸ் போனது. அதற்கு ஒரு பதில் வந்தது. பிறகு இன்னொரு நோட்டீஸ் போனது. குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

அடுத்த முறை தண்ணீர் விட்டபோது காலனியில் நூல் மாதிரிதான் விழுந்தது. ஒரு வீட்டுக்கு மூன்று குடம் வந்தால் அதிகம். மாரியாத்தாள் பொற்கொடியிடம் பேசுவதை நிறுத்தினாள். அவள் பார்த்ததை வைத்து அவள் போட்ட கணக்கு இதுதான். செங்கோட்டையன் வந்தார், உட்கார்ந்தார், பொற்கொடி கையால் தண்ணீர் குடித்தார், போனார். பத்தே நாளில் நம் வால்வை மூடிவிட்டார்கள். காலனி முழுக்க அதையே நம்பியது. பொற்கொடி வீட்டு வாசலில் யாரோ காலிக் குடம் ஒன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள்.

மேலத்தெரு சந்தேகப்பட்டபோது அவளுக்கு வலித்ததில்லை. இது வலித்தது. அந்தக் குடத்தை எடுத்துக்கொண்டு அவள் நேராக மாரியாத்தாள் வீட்டுக்குப் போனாள்.

"நான் வித்துப்போட்டேன்னு நெனைக்கறீங்களா?"

"நாங்க என்னத்தக் கண்டோம்" என்றாள் மாரியாத்தாள், முகத்தைப் பார்க்காமல்.

"நாளைக்கு வார்டு ஆபீசுக்கு வாங்க. அன்புக்கரசியும் வாரா. அவ சொல்றதக் கேட்டுப்போட்டு, பொறகு என்னைய என்ன வேணும்னாலும் கேளுங்க."

முப்பது பெண்கள் வரை வந்தார்கள். பழைய ஊராட்சி ஆபீஸ் வாசலில் குடங்களோடு உட்கார்ந்தார்கள். அன்புக்கரசி பேசினாள். நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. ஐந்து வருசம் தலைவராக இருந்தபோது அவள் அந்த வாசலில் ஒருதரம்கூட அப்படிப் பேசியதில்லை.

வர்ஷினி இரண்டு பக்கெட்டுகளோடு வந்தாள். தண்ணீர் விடுகிற நாள் அன்று. மேலத்தெருவின் முதல் குழாயில் பக்கெட்டை வைத்து போனில் நேரம் பார்த்தாள். இருபத்திரண்டு வினாடி. பிறகு எல்லோரையும் கூட்டிக்கொண்டு காலனிக்கு வந்து கடைசிக் குழாயில் வைத்தாள். நான்கு நிமிசம் ஆகியும் பக்கெட் நிறையவில்லை. பின்னாலேயே வந்த ராசாத்தாள் நம்பவில்லை. அந்தப் பக்கெட்டில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, தன் வீட்டுப் பக்கெட்டை எடுத்துவரச் சொல்லி வைத்துப் பார்த்தாள். அதற்கும் நான்கு நிமிசம் தாண்டியது.

"இவ்வளவு மோசம்னு எனக்குத் தெரியாதுங்க" என்றாள் மெதுவாக. பிறகு, "அப்படின்னா எங்க தண்ணி எங்கீங்க போச்சு?" என்று கேட்டாள். அது நியாயமான கேள்வி. பவுண்டரிக்குப் போன தண்ணீரைப் பற்றி மேலத்தெரு பேச ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அந்த அளவுகளை எல்லாம் வர்ஷினி எழுதி மேலே அனுப்பினாள். பதினேழாம் நாள் சீலை எடுத்தார்கள். டிவி ரூம் வால்வுக்குப் புதுக் குழி கட்டி, இரும்பு மூடி போட்டு, மீட்டர் வைத்து, காலனி லைன் என்று பதிந்தார்கள். பவுண்டரி லைனை வெட்ட இன்னும் இரண்டு மாசம் ஆனது. ஆட்கள் தோண்டியபோது செங்கோட்டையன் வந்து நின்றார். காம்பவுண்டுச் சுவரை இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். பொற்கொடி பக்கம் திரும்பவில்லை. பிறகு முறையாக மனுப் போட்டு இணைப்பு வாங்கிக்கொண்டார். இப்போது எதிரில் வந்தால் "தண்ணி உட்டாச்சா" என்று கேட்கிறார். "ங்க" போய்விட்டது. பொற்கொடிக்கு அதுதான் சௌகரியமாக இருக்கிறது.

வேலை போகவில்லை. நகராட்சி அவளைத் தன் ஆளாக எடுத்துக்கொள்ளவுமில்லை. ஒரு கான்ட்ராக்டரின் கீழே சேர்த்துவிட்டார்கள். வருசா வருசம் புதுப்பிப்பார்கள் என்கிறார்கள். அவள் அதை நம்பவில்லை.

ஒருநாள் வர்ஷினியிடம் நேராகவே கேட்டாள்.

"ஏனுங் அம்மணி, நீங்க செங்கோட்டையனுக்கு ஒறம்பரைங்களா?"

வர்ஷினி சிரித்துவிட்டாள். "இல்லீங்க்கா. அன்னிக்கு அவங்க ஊட்டுப் பக்கம் மேடு பள்ளம் பாக்க லெவல் எடுக்கப் போனேன். இளநி வெட்டிக் குடுத்தாங்க. வேண்டாம்னு எப்படிங்க சொல்றது?"

இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள் பொற்கொடி.

போன மாசம் மேப் தயாராகி வந்தது. பெரிய தாளில் ஓடைக்கல்பாளையத்தின் வீதிகள் எல்லாம் நீலக் கோடுகளாக இருந்தன. முப்பத்து மூன்று வட்டங்கள். மூலையில் "களத் தகவல் அளித்தவர்" என்று போட்டு அவள் பெயரை அச்சடித்திருந்தார்கள். அதற்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். டிவி ரூம் பக்கத்து வட்டத்தில் விரலை வைத்து, "இதுல அன்புக்கரசி பேர் வராதுங்களா?" என்று கேட்டாள். மேப்பில் அதற்கு இடமில்லை, பைலில் அவளுடைய கடிதம் இருக்கிறது என்றாள் வர்ஷினி.

"அந்தக் கடுதாசிக்கு ஒரு ஜெராக்ஸ் வேணுமுங்க. இந்த மேப்புக்கும் ஒண்ணு."

"எடுத்துத் தர்றேனுங்க்கா. நீங்க கையெழுத்துப் போட்டுருங்க."

"மொதல்ல ஜெராக்ஸ் வரட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு, பொற்கொடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.